ஒரே சிவப்புக்குள் 21 செ.மீ.யும் 95 செ.மீ.யும்

2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டில் பெறும் சராசரி மழையைவிட இது அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கானோர் வெள்ளத்துக்கு நடுவே சிக்கிக் கிடந்தார்கள். தண்ணீர் வடிவதற்குள் விவாதம் தொடங்கிவிட்டது. சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தோம் என்றது வானிலை ஆய்வு மையம். இந்த அளவுக்குப் பெய்யும் என்று சொல்லவில்லையே என்றது மாநில அரசு.

இரு தரப்பும் சொன்னது உண்மைதான். சிக்கலே அங்குதான் இருக்கிறது. ஒரு நாளில் 20.45 செ.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால் அது ‘அதிகனமழை’. அதற்கு மேல் படிநிலை கிடையாது. 21 செ.மீ.க்கும் 95 செ.மீ.க்கும் ஒரே பெயர், ஒரே நிறம்.

காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ளக் கணிதமும் கணினி அறிவியலும் எப்படி உதவும் என்று கேட்டால், பேச்சு உடனே அதிவேகக் கணினிக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் போய்விடுகிறது. அவை அவசியம். ஆனால், கணிதம் ஏற்கெனவே தந்துவிட்ட விடைகளையே நாம் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

வானிலை மாதிரிகள் வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, வெப்பம், ஈரப்பதம் பற்றிய சமன்பாடுகளைத் தீர்க்கின்றன. கட்டத்தின் பக்க நீளத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். கணக்கிடும் நேர இடைவெளியையும் பாதியாக்க வேண்டியிருப்பதால் வேலை எட்டு மடங்காகும். புணேயில் உருவாகி 2025 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட ‘பாரத் முன்னறிவிப்பு அமைப்பு’ 12 கி.மீ. கட்டத்திலிருந்து 6 கி.மீ.க்கு இறங்கியிருக்கிறது. பெருமைப்பட வேண்டிய உழைப்பு இது.

கட்டம் எவ்வளவு சிறுத்தாலும் ஒரு தடை நீங்காது. தொடக்க அளவீட்டில் இம்மியளவு பிழை இருந்தாலும் நாளடைவில் விடை தடம் மாறிவிடும் என்று 1963-ல் வானிலையியலாளர் எட்வர்ட் லொரன்ஸ் காட்டினார். அதனால்தான் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றிப் பல முறை கணக்கிடுகிறார்கள். இந்தியாவில் 2018 முதல் 21 கணக்கீடுகள் கொண்ட முறை இருக்கிறது. அவற்றில் 19 கணக்கீடுகள் 15 செ.மீ. என்றும், இரண்டு மட்டும் 50 செ.மீ. என்றும் சொல்வதாக வைத்துக்கொள்வோம். சராசரி எடுத்தால் அந்த இரண்டும் கரைந்துபோகும். அணைப் பொறியாளருக்கு வேண்டியதோ அந்த இரண்டுதான்.

ஏன்? முன்கூட்டியே நீரைத் திறந்து, மழையும் வராமல் போனால் ஏற்படும் பாசன இழப்பு ஒரு பங்கு. திறக்காமல் விட்டு வெள்ளம் வந்தால் இழப்பு 20 பங்கு என்று கொள்வோம். அப்படியானால், பெருமழைக்கான வாய்ப்பு 5 சதவீதத்தைத் தாண்டினாலே திறப்பதுதான் சரியான முடிவு. 21-ல் இரண்டு என்பது ஏறத்தாழ 10 சதவீதம். ஆனால், திறந்தபின் மழை பொய்த்தால் பழி அந்த அதிகாரியின் தலையில்தான் விழும். எத்தனை சதவீதத்துக்கு மதகைத் திறக்கலாம் என்று எழுத்துபூர்வமான விதி இருந்தால் ஒழிய, எவரும் துணிய மாட்டார்கள். இதை வகுக்கப் புதிய கணினி தேவையில்லை, அரசாணை போதும்.

செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் மலைக்க வைக்கின்றன. 2023-ல் வெளிவந்த ‘கிராஃப்காஸ்ட்’ பத்து நாள் முன்னறிவிப்பை ஒரு நிமிடத்துக்குள் தருகிறது. 2025-ல் இத்தகைய மாதிரிகளின் துணையோடு பருவமழைத் தொடக்கம் பற்றிய கணிப்பு 13 மாநிலங்களில் சுமார் 3.8 கோடி உழவர்களைச் சென்றடைந்தது. மனமாரப் பாராட்டலாம். ஆனால், இவை கற்பது கடந்த சுமார் நாற்பது ஆண்டு வானிலையிலிருந்து. ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அப்படிச் சூடேறிய கடலோரத்தில், இதற்குமுன் பெய்திராத மழையைப் பற்றிப் பழைய தரவு மட்டும் எவ்வளவு சொல்லிவிடும்?

இதே கேள்வி பாலங்களுக்கும் வடிகால்களுக்கும் பொருந்தும். ‘நூறாண்டுக்கு ஒருமுறை’ வரும் வெள்ளம் என்பது ஆண்டுதோறும் 1 சதவீத வாய்ப்பு. முப்பது ஆண்டுகளில் ஒருமுறையேனும் அது வர 26 சதவீத வாய்ப்பு உண்டு. ஆண்டு வாய்ப்பு 2 சதவீதமானால் அதுவே 45 சதவீதம் ஆகிவிடும். மழையின் போக்கு மாறாது என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு, மாறிவிட்ட மழைக்கு உதவாது. உச்சங்களை மட்டும் தனியே ஆராயும் புள்ளியியல், நீரியலில் பல பத்தாண்டுகளாகப் புழங்குகிறது. வெப்பநிலை உயர்வையும் அதில் சேர்த்துக் கணக்கிட முடியும்.

தாமிரபரணிக் கரையில் இனி எழும் ஒவ்வொரு பாலத்தின் திட்ட அறிக்கையும் எந்த ஆண்டுவரையிலான மழைப் பதிவைக் கொண்டு போடப்பட்டது, வெப்பமாதலுக்கு எவ்வளவு கூட்டப்பட்டது என்பதை முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். ஒப்பந்தப்புள்ளி கோரப்படும் முன்பு அந்தப் பக்கம் மக்கள் பார்வைக்கு வர வேண்டும்.