செங்கடலில் விழுந்த மூன்று விமானங்கள்

விமானம் தாங்கிக் கப்பலை 'மிதக்கும் விமானத் தளம்' என்று ஊடகங்கள் எளிதாக எழுதிவிடுகின்றன. தரைத் தளத்தில் கிலோமீட்டர் கணக்கில் ஓடுபாதை உண்டு, கப்பலில் ஏது? நீராவி உந்துபொறி இரண்டே விநாடிகளில் விமானத்தை வானில் வீசியெறிகிறது. இறங்கும்போது அதன் வால் கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய எஃகு வடத்தில் மாட்ட வேண்டும். சக்கரம் தளத்தைத் தொட்டதுமே விமானி இன்ஜினை முழுவேகத்தில் முடுக்குவார்; கொக்கி தவறினால் மீண்டும் பறந்தாக வேண்டுமே!

யமனைத் தாக்க வந்த அமெரிக்காவின் 'ஹாரி ட்ரூமன்' கப்பல் ஐந்து மாதங்களுக்குள் மூன்று எஃப்-18 விமானங்களை இழந்தது. 2024 டிசம்பரில் ஒன்றை உடன் வந்த அமெரிக்கப் போர்க்கப்பலே சுட்டு வீழ்த்தியது. 2025 ஏப்ரல் 28 அன்று இன்னொன்று, இழுவை வண்டியோடு கடலில் சரிந்தது. ஹூதிகளின் தாக்குதலிலிருந்து தப்பக் கப்பல் சட்டெனத் திரும்பியதே காரணம் என அமெரிக்க அதிகாரிகளே ஊடகங்களிடம் கூறினர். மே 6 அன்று, இறங்கிய மூன்றாவது விமானத்தை வடம் பிடித்து நிறுத்தவில்லை. ஓமனின் சமரசத்தால் தாக்குதல் நிறுத்தம் அறிவிக்கப்பட்டதும் அதே நாளில்தான்.

வலுவான கடற்படை ஒன்றுக்கு ஏழை நாடொன்றின் ஏவுகணைகள் எவ்வளவு நெருக்கடி தந்தன என்பதை இதில் நாம் காண்கிறோம். விமானிகள் அனைவரும் மீட்கப்பட்டனர். ஆனால் ஏப்ரல் 17 அன்று ராஸ் ஈஸா எண்ணெய்த் துறைமுகத்தின் மீது நடந்த அமெரிக்கத் தாக்குதலில் 70க்கும் மேற்பட்டோர் இறந்ததாக ஹூதி தரப்புச் சுகாதாரத் துறை அறிவித்தது.