உப்புக் குறைவும் உள்ளத்துக் குறைவும்

பிரெஞ்சு மொழியில் 'மான்கே' என்றொரு வினைச்சொல். குறைதல் என்று பொருள். சூப்பில் உப்புக் குறைந்தாலும் அதுதான். அன்புக்குரியவர் அருகில் இல்லாவிட்டாலும் அதுதான்!

ஆங்கிலேயக் கணவர் ஒருவர் லண்டனிலிருந்து தம் பிரெஞ்சு மனைவிக்கு, "உன்னைப் பிரிந்து ஏங்குகிறேன்" என எழுத நினைக்கிறார். ஆங்கில வழக்கப்படி 'நான்' என்று தொடங்கி, "ழ த மான்க்" என்று எழுதுகிறார். அதன் அர்த்தமோ, "என்னைப் பிரிந்து நீ ஏங்குகிறாய்!" அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் குற்றம் சொல்ல முடியுமா?

"து ம மான்க்" என்பதே சரி. அதாவது, "நீ எனக்குக் குறைகிறாய்." இல்லாதவர்தான் எழுவாய், ஏங்குபவருக்கு நான்காம் வேற்றுமை. "எனக்குப் பசிக்கிறது" என்று சொல்லிப் பழகிய நமக்கு இது சுலபம்.

ரயிலைத் தவறவிட்டவர் மட்டும் 'நான்' என்றே தொடங்க வேண்டும். இல்லையேல், ரயிலை நினைத்து உருகுவதாக அர்த்தமாகிவிடும்!