தானம் தந்த வள்ளத்தின் அடியைத் தட்டிப் பார்ப்போம்

மாங்குளத்தில் கடல் இல்லை. ஆனால் கடலுக்குப் போகிற வள்ளங்களைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். ஏ-9 வீதியால் வருகிற லொறிகள் சந்தியில் கிழக்கே திரும்பி, ஒட்டுசுட்டானால் முல்லைத்தீவுக்குப் போகும். பின்னால் புதுப் பைபர் வள்ளங்கள், பால் வெள்ளையாய். பக்கத்தில் தந்தவர்களின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். "எங்கட சனத்துக்கு வள்ளம் போகுது" எண்டு கடை வாசலில் நிற்பவர்கள் சொல்லுவினம். எங்களுக்கும் சந்தோசமாய்த்தான் இருந்தது.

அந்த வள்ளங்கள் எத்தனை வருசம் தாங்கின எண்டு நாங்கள் அப்போது கேட்கவில்லை. இப்ப கேட்கிறம்.

எங்களில் ஒருத்தியின் மாமா முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்கிறார். மீள்குடியேறிய பிறகு அவருக்கும் ஒரு வள்ளம் கிடைத்தது. கையளிப்பு விழா, மாலை, படம் எல்லாம் நடந்தது. இரண்டாவது வாடைக்காலத்தில் அடிப்பக்கம் கொப்பளித்து, ஏராவோரம் வெடிப்பு விட்டது. "ஒராள் வலை இழுக்க, ஒராள் தண்ணி இறைக்க" எண்டு சிரிச்சுக்கொண்டுதான் சொன்னார். ஒட்டுப் போட்டார், திரும்பவும் வெடித்தது. கடைசியில் மாமியின் சங்கிலி அடகுக்குப் போய் வேறொரு பழைய வள்ளம் வந்தது. தந்தவர்களிடம் சொல்லவில்லையா எண்டு கேட்டோம். "தானம் தந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கலாமே பிள்ளை?" என்றார்.

இந்தக் கட்டுரை அந்தப் பழமொழிக்கு எதிரானது. தானமாய் வந்த மாடு கிழடாய் இருந்தால் பால் கறக்காது, அவ்வளவுதான். தானமாய் வந்த வள்ளம் பழுதாய் இருந்தால் ஆள் கரை திரும்பமாட்டார்.

பைபர் வள்ளத்தில் ஏமாற்றுவது சுலபம். அச்சுக்குள் முதலில் ஜெல்கோட் பூசுகிறார்கள். அதன் மேல் கண்ணாடியிழைப் பாயை விரித்து, ரெசின் ஊற்றி, உருளையால் காற்றை வெளியேற்றி, அடுக்கடுக்காய்க் கட்டுகிறார்கள். பலம் இருப்பது இழையில். ஓர் அடுக்குப் பாயைக் குறைத்தாலும், காற்றுக்குமிழியை விட்டாலும், ரெசினில் மலிவான பொடியைக் கலந்தாலும், கடினமாக்கியை அளவில்லாமல் ஊற்றினாலும், மழை ஈரத்துக்குள் அவசரமாய்க் கட்டினாலும் வெளியில் ஒன்றும் தெரியாது. ஜெல்கோட் எல்லாவற்றையும் மினுக்கி மூடிவிடும். கையளிப்பு விழாப் படத்தில் நல்ல வள்ளமும் கெட்ட வள்ளமும் ஒரே மாதிரித்தான் இருக்கும். வித்தியாசம் தெரிவது பிறகுதான். அலை அடிக்க அடிக்க, மணலில் இழுக்க இழுக்க அடுக்குகள் பிரியும். குமிழிக்குள் தண்ணீர் புகுந்து கொப்பளம் கட்டும். பின்பலகைக்குள் வைத்த மரம் உக்கத் தொடங்கினால் இஞ்சினைத் தாங்குகிற இடமே ஆடும்.

இதெல்லாம் எங்கட மண்ணுக்குப் புது அறிவு இல்லை. 1967இல் நோர்வே உதவியோடு காரைநகரில் தொடங்கிய சீநோர் திட்டம் பைபர் வள்ளம் கட்டியது. வடக்கின் கைகளுக்கு அந்த வேலை அரை நூற்றாண்டுக்கு முன்னமே தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உதவிப் பணம் குவிந்தபோது நாடு முழுக்க அவசர அவசரமாய் வள்ளங்கள் கட்டப்பட்டன. அவற்றில் பல தரமற்றவை என்று ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் எச்சரித்தது. 2009க்குப் பிறகு வன்னிக் கரைக்கு மறுபடி வள்ளங்கள் வந்தன. மறுபடியும் எண்ணிக்கைதான் பேசப்பட்டது. அறிக்கையில் "இத்தனை பயனாளிகள், இத்தனை வள்ளங்கள்" என்று ஒரு வரி இருக்கும். "இத்தனை வருடம் தாங்கும்" என்ற வரி எங்கே? எண்ணிக்கை கேட்பவருக்கு மெல்லிய வள்ளம் லாபம். அதே காசுக்கு இன்னும் இரண்டு கட்டலாம், இன்னும் இரண்டு படம் எடுக்கலாம்.

அமெரிக்காவில் ஏரியில் பொழுதுபோக்காய் 'பாஸ்' மீன் பிடிக்கப் போகிறவர் அலுமினியப் படகு வாங்கும்போது தகடு எவ்வளவு தடிப்பு, ஆணி அறைந்ததா வெல்டிங் செய்ததா, அடிக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்று கேட்டுத்தான் வாங்குகிறார். விற்பவரும் தகட்டின் தடிப்பை அங்குலத்தின் ஆயிரத்தில் இத்தனை என்று தாளில் போட்டுக் கொடுக்கிறார். விளையாட்டுக்கு மீன் பிடிப்பவருக்கு அந்த உரிமை இருக்கிறது. சோத்துக்கு மீன் பிடிப்பவருக்கு ஏன் இல்லை? அவர் 'வாங்குபவர்' இல்லை, 'பயனாளி' என்பதாலா?

எங்களுக்குச் சொல்லப்படும் பதில்கள் தெரியும். "அவை வள்ளத்தை மணலில் இழுத்துப் பழுதாக்கினம்" என்பது ஒன்று. கரையில் இழுத்து ஏற்றுவதுதான் இந்தக் கரையின் தொழில்முறை. அதைத் தாங்காத வள்ளம் இந்தக் கரைக்குக் கட்டப்பட்ட வள்ளமே இல்லை. "குளத்துக்குத்தானே, இது காணும்" என்பது இன்னொன்று. வவுனிக்குளத்துத் தோணிகளும் தண்ணீருக்குள் நிற்கிற பட்டமரக் குற்றிகளில் இடிபடத்தான் செய்யும். அதோடு, கொப்பளம் கட்டுவது உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீரில்தான் கெதி. மூன்றாவதுதான் பயங்கரம்: "கேள்வி கேட்டால் அடுத்த முறை தரமாட்டினம்." இந்தப் பயத்தில்தான் எங்கட சங்கங்களே அடியைப் பார்க்காமல் கையெழுத்து வைக்கின்றன. தந்தவரில் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாங்கள் தப்ப முடியாது.

கேட்பது பெரிய விசயம் இல்லை. வள்ளம் கட்டும்போது சங்கத்தில் இரண்டு பேர் பட்டறைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். எத்தனை அடுக்கு, எந்த நிறைப் பாய் என்று கட்டுபவர் எழுதித் தர வேண்டும். தண்ணீர் போகிற துளை போடும்போது வெளியே வருகிற வட்டத் துண்டை எறியாமல் வள்ளத்தோடு தர வேண்டும். அந்தத் துண்டில் தடிப்பும் தெரியும், அடுக்கும் தெரியும், குமிழியும் தெரியும். வள்ளத்தை நிறுத்து, நிறையைப் பதிய வேண்டும். நாணயத்தால் அடியைத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இடம் கணீர் எண்டும், அடுக்குப் பிரிந்த இடம் பொத்தெண்டும் சொல்லும். கடலில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. ஒரு வாடைக்காலமாவது தாண்டும் வரை கட்டியவரின் கடைசிக் கொடுப்பனவு நிற்க வேண்டும்.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இதில் என்ன வேலை எண்டு சிலர் கேட்பினம். நிவாரணம், மீள்கட்டுமானம், வலுவூட்டல் என்று நாங்கள் கட்டுரை எழுதிப் புள்ளி வாங்குகிறோம். அந்தச் சொற்களின் அடியில் எத்தனை அடுக்கு இருக்கிறது என்று தட்டிப் பார்ப்பதும் எங்கட வேலைதான்.

மாமாவின் இலவச வள்ளம் இப்போது வளவில் கவிழ்ந்து கிடக்கிறது. அதன் கீழே கோழிகள் படுக்கின்றன. தந்தவர்களின் பெயர் மட்டும் இன்னும் அழியவில்லை. அந்தப் பெயின்ற் நல்ல தரம்.