கனவுக்குப் பலன் சொல்லும் கடை

'ருவின் பீக்ஸ்' தொடரின் கனவுகளுக்கு நண்பர் ஒருவர் உரை எழுதியிருக்கிறார். சிவப்புத் திரை என்றால் கருப்பை, ஆந்தை என்றால் சாவு, குள்ளன் என்றால் அடக்கிவைத்த ஆசை. பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் இருக்குமே, அதே அட்டவணைதான். பல்லிக்குப் பதிலாக ஃபிராய்ட் விழுந்திருக்கிறார்.

1990இல் டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ரொஸ்டும் தந்த அந்தத் தொடரில் எல்லாமே முன்கூட்டிப் பூட்டிய புதிராம், திறப்பு இவர் கையிலாம். அப்படியானால் பொப் என்ற பேயை என்ன செய்வார்? ஃபிராங்க் சில்வா படப்பிடிப்பில் தளபாடம் அடுக்க வந்தவர். அவர் முகம் தவறுதலாகக் கண்ணாடியில் விழ, லிஞ்ச் அதை வெட்டாமல் பேயாக்கிக்கொண்டார். தற்செயலாய் விழுந்த முகத்துக்கு எந்தத் திறப்பு?

சிலப்பதிகாரத்தையும் சாட்சிக்கு இழுக்கிறார்: கண்ணகியின் கனவு பலித்ததாம். பலித்தது. ஆனால் 'கனாத்திறம் உரைத்த காதை'யைப் பாதியில் மூடிவிட்டார். கனவைக் கேட்ட தோழி தேவந்தி உடனே பலனும் பரிகாரமும் சொல்கிறாள்: முற்பிறப்பில் நோன்பு தவறியது, சோமகுண்டம், சூரியகுண்டம் என்ற குளங்களில் முழுகிக் காமனைத் தொழுதால் கணவனோடு வாழலாம். அது பெருமையன்று என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். பிழைத்துப்போனது பலன்தான், கனவல்ல. அந்தக் கண்ணகியின் வற்றாப்பளைக் கோயில் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரியும்போது, உப்பு எதன் குறியீடு என்று எவரும் கேட்பதில்லை. திரியைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

'விடை தராத கதை ஏமாற்று' என்பது அவருடைய கடைசி வாதம். கிளிநொச்சியில் இருந்துகொண்டு இதை எழுத எப்படி மனம் வந்தது? 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கந்தசுவாமி கோயிலடியில் அம்மாமார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு குந்தினார்கள். அதே ஆண்டு வெளிவந்த தொடரின் மூன்றாம் பருவத்தின் முடிவில், கொலையுண்டு கரையில் கிடந்த லோரா என்ற பெண்ணின் உடல் மறைந்துபோகிறது. செத்தவள் காணாமல்போனவள் ஆகிறாள். அவளைத் தேடிக் கண்டதாய் நம்பித் தாய்வீட்டுக்குக் கூட்டிவந்தால், கதவைத் திறப்பது வேறு யாரோ. விடை இல்லாத அந்த வாசலை வன்னியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மகனைக் கனவில் கண்ட தாயிடம், 'உயிரோடைதான் இருக்கிறான், தெற்குப் பக்கம்' என்று காசு வாங்கிக்கொண்டு விடை சொன்ன சாத்திரிமாரும் இங்கே இருந்தார்கள். ஏமாற்று எது?

கண்ணகி அந்தக் குளங்களுக்குப் போகவில்லை. நண்பர் எங்களை முழுகச் சொல்லித் துவாயோடு நிற்க வேண்டாம்.