கேட்டில் நின்ற ஒன்பது வருஷம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வத்தலக்குண்டில் என் வீட்டுத் திண்ணையில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். நான் வேலை பார்த்த நூற்பு மில்லில் வைண்டிங் பிரிவில் இருந்தவர். கையில் பாஸ்புக். "அண்ணே, எனக்கு மாசம் 1,984 ரூவாதான் ஏறுது. அதே வருஷம் பக்கத்து மில்லுல சேந்தவளுக்கு மூவாயிரத்துக்கு மேல வருது. அவளவிட நான் கம்மியாவா உழைச்சேன்?"

கம்மியாக உழைக்கவில்லை. இருவரும் 1997இல் வேலைக்குப் போய், 2023இல் 58 வயதில் நின்றார்கள். அந்த மில்லில் முதல் நாளே பி.எஃப். பிடித்தார்கள். எங்கள் மில்லில் இவர் 2006 வரை பதிலி. அந்த ஒன்பது வருஷமும் ஓய்வூதியக் கணக்கில் இல்லை.

பதிலி என்றால் என்னவென்று மில் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஷிப்ட் தொடங்குவதற்கு அரை மணி முன்பே தூக்குவாளியோடு கேட்டில் நிற்க வேண்டும். நிரந்தர ஆள் யாராவது வராவிட்டால் மேஸ்திரி உங்களைக் கூப்பிடுவார். கூப்பிடாவிட்டால் அதே தூக்குவாளியோடு வந்த பஸ்ஸில் திரும்ப வேண்டியதுதான். ஒரு மாதம் 12 நாள் வேலை கிடைக்கும், ஒரு மாதம் 24 நாள். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. கணக்கு 480ஐ நெருங்கும்போது எங்கள் மில்லில் பெயரை எடுத்துவிட்டு, ஒரு மாதம் கழித்துப் புது நம்பரில் சேர்த்தார்கள்.

2006இல் சங்கம் போராடி நாற்பது பதிலிகளை நிரந்தரமாக்கியது. அன்று கேட் முன்னால் மிட்டாய் கொடுத்தோம். அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: நிரந்தரம் ஆகும் தேதியே பணியில் சேர்ந்த தேதி, முந்தைய காலத்துக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை. கிளைச் செயலாளர் என்ற முறையில் நானும் கையெழுத்துப் போட்டேன். நாற்பது குடும்பத்துக்கு நிலையான சம்பளம் வருகிறதே என்ற நினைப்பில் அந்த வரியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அம்மா கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கணக்கு இதுதான். 1995 நவம்பர் 16இல் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், ஓய்வூதியத்துக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள். கடைசி 60 மாதச் சராசரிதான் சம்பளம். ஆனால் 2014 செப்டம்பருக்கு முந்தைய சேவைக்கு 6,500 ரூபாய்தான் உச்சவரம்பு. அதை 70ஆல் வகுத்தால் வருஷத்துக்குச் சுமார் 93 ரூபாய். அந்த அம்மாவின் கேட்டில் நின்ற ஒன்பது வருஷத்துக்கு, மாதம் 835 ரூபாய் போயிற்று.

அதோடு முடியவில்லை. இருபது வருஷம் சேவை முடித்து 58இல் ஓய்வு பெறுபவருக்கு இரண்டு வருஷம் கூடுதலாகச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். பக்கத்து மில்காரருக்கு 26 வருஷம், ஆகவே அது 28 ஆகிறது. இவருக்கு 17தான், அந்த இரண்டும் கிடையாது. ஒன்பதை இழந்தவர் பதினொன்றை இழக்கிறார். மாதம் ஆயிரம் ரூபாய் குறைந்தால் வீட்டில் எது நிற்கும் என்று அவரிடமே கேட்டேன். "சுகர் மாத்திரைய ஒருநாள் விட்டு ஒருநாள் போடுறேண்ணே" என்றார்.

இதையும்விட மோசமான நிலையில் இருப்பவர்கள் உண்டு. பத்து வருஷச் சேவை தேறாவிட்டால் மாத ஓய்வூதியமே இல்லை. போட்ட பணத்துக்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பி.எஃப். பிடிக்க ஆரம்பித்த பிறகும் சம்பளமில்லாத நாட்களைச் சேவையிலிருந்து கழிக்கிறார்கள். வேலை கொடுக்காமல் திருப்பி அனுப்பிய நாளின் பாரமும் தொழிலாளி தலையில்தான். 2014 முதல் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். அதில் இன்று யார் பிழைப்பது?

இத்தனைக்கும் 1990 நவம்பர் முதல், சேரும் நாளிலிருந்தே பி.எஃப். உண்டு என்பதுதான் விதி. பதிலிக்கு இல்லை என்று அதில் எங்கும் இல்லை. சட்டம் கொடுத்ததை விட்டுக்கொடுக்கச் சங்கத்துக்கும் அதிகாரம் கிடையாது; எனக்கும் கிடையாது. இது 2006இலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தற்காலிகச் சேவையைக் கணக்கில் எடுப்பது நடக்காத காரியமும் இல்லை. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978இல் 11ஆம் விதியைப் பாருங்கள். 2003 ஏப்ரலுக்கு முன் நிரந்தரமான அரசு ஊழியருக்கு, தினக்கூலியாகவும் தொகுப்பூதியத்திலும் இருந்த காலத்தில் பாதி ஓய்வூதியத்துக்குச் சேரும். பாதி என்பது எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அந்த உழைப்பு நடந்தது என்று ஏட்டில் ஒப்புக்கொள்ளவாவது செய்தார்கள். பஞ்சுத் தூசியில் நின்றவருக்கு அதுகூட இல்லை.

காலமும் கடந்துகொண்டிருக்கிறது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பி.எஃப். நிலுவை விசாரணையைத் தொடங்க ஐந்து வருஷ வரம்பு வைக்கிறது. 30 வயதில் பிடிக்காமல் விட்டதை 58 வயதில் பாஸ்புக்கைப் பார்த்துத்தான் பலர் கண்டுபிடிக்கிறார்கள். அவர்களுக்கு ஐந்து வருஷம் எதற்கு உதவும்? ஓய்வு பெறும் நாள்வரை கேட்க உரிமை இருக்க வேண்டும். பழைய வருகைப் பதிவேட்டை மில் தராவிட்டால், இ.எஸ்.ஐ. அட்டையையும் கூலிச் சீட்டையும் சாட்சியாக ஏற்க வேண்டும். பிடிக்காமல் விட்ட பணத்தை வட்டியோடு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளட்டும். அதுவரை தொழிலாளியின் சேவைக் கணக்கு காத்திருக்கக் கூடாது.

இதே வத்தலக்குண்டில் 1884இல் பிறந்த சுப்பிரமணிய சிவா, 1908இல் வ.உ.சி.யோடு தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களுக்காக நின்றவர். அந்த வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. வேலை செய்யாத ஞாயிற்றுக்கிழமையையே உரிமையாகக் கேட்டு வாங்கினார்கள். வேலை செய்த ஒன்பது வருஷத்தைக் கேட்க நாம் ஏன் தயங்க வேண்டும்?

அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் உட்காரப்போகும் தம்பிமார்களே, எந்தச் சங்கமாக இருந்தாலும் சரி, ஒப்பந்தத்தில் பணியில் சேர்ந்த தேதி என்ற இடத்தில் முதன்முதலாகக் கேட்டுக்குள் போன தேதியை எழுத வையுங்கள். அதை எழுதாமல் பேனாவை எடுக்காதீர்கள்.

அந்த அம்மா கிளம்பும்போது மஞ்சப்பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்து வைத்தார். 1997 முதலான கூலிச் சீட்டுகள். மேலே இருந்ததில் பதினாலு நாள் என்று போட்டிருந்தது. தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். மனு எழுத வேண்டும். மீதி முப்பத்தொன்பது பேரில் யாரிடமெல்லாம் சீட்டு இருக்கிறதோ, ஞாயிறு காலையில் வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.