அடிவாரத்தில் இருந்தவர்



சில ஆண்டுகளுக்கு முன், ஓர் அக்டோபர் திங்களில், பிரான்சு நாட்டின் நடுவேயுள்ள கிளெர்மோன் நகருக்குச் சென்றிருந்தேன். குருமடத்தில் என்னோடு பயின்ற நண்பர் அங்கே பணியாற்றி வந்தார். நகருக்கு மேற்கே ஏறத்தாழ 80 எரிமலைகள், பல்லாயிரம் ஆண்டுகளாய் உறங்குபவை, வடக்கு தெற்காக வரிசையாய் நிற்கின்றன. அவற்றுள் உயர்ந்தது 1465 மீட்டர் உயரமுள்ள புய்-டெ-டோம்.

உச்சிவரை 2012 முதல் பற்சக்கர இரயில் உண்டு. நானோ, கோவேறு கழுதைக்காரர் பாதை என வழங்கும் பழைய வழியில் நடக்கவே விரும்பினேன். (அதன் பயனை என் முழங்கால்கள் ஒரு வாரம் அனுபவித்தன.) நண்பருக்கு இதய நோய், மலையேறலாகாதென்று மருத்துவர் தடுத்திருந்தார். ஆகவே என்னைக் கணவாயில் இறக்கிவிட்டு, கட்டளைச் செபப் புத்தகத்துடன் அங்கேயே அமர்ந்துகொண்டார்.

பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. இருமருங்கும் பீச்சு மரங்கள் பொன்னிறங்கொண்டு நின்றன. காற்றில்லை. ஓர் இலை கிளைகளில் தட்டித் தட்டி இறங்கும் ஓசையும் செவியில் விழுந்தது. நகரத்துப் பேராலயம் எரிமலைக் கருங்கல்லால் எழுந்தது. இம்மலையின் கல்லோ வெளிறிய சாம்பல் நிறம். ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் பூமியினின்று வெளிப்பட்ட பாறைக்குழம்பு, கெட்டியாயிருந்தமையால் ஓடாமல் அங்கேயே குவிந்து மலையாயிற்று. எனவே இதன் உச்சியில் பள்ளமில்லை. வடக்கே நோக்கினால் பாரியூ என்னும் எரிமலையின் வாய், புல் மூடிய பெருங்கிண்ணம்போல் தெரிகிறது. அதனுள் மேகநிழல் ஒன்று இறங்கி ஏறிச் சென்றதை நெடுநேரம் பார்த்திருந்தேன்.

இம்மலையில்தான் 1648 செப்டம்பர் 19 அன்று, காற்றுக்கு எடையுண்டு என்பதை நிறுவும் சோதனை நடந்தது. அதைத் திட்டமிட்ட பஸ்கால் கிளெர்மோனில் பிறந்தவர், அப்போது 25 வயது, உடல் நலிந்தவர். மலையேறியவர் அவருடைய தமக்கையின் கணவர் பெரியே. உச்சியில் குழாயின் பாதரசம் நகரில் நின்றதைவிட 8 சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்தது. சிற்றாலயத்துள்ளும் வெளியிலும், காற்றிலும் மூடுபனியிலும் அளந்தார், மாற்றமில்லை.

ஆனால் நான் நினைத்தது வேறொருவரை. நகரில் மினிம் சபையாரின் மடத்துத் தோட்டத்தில் இன்னொரு குழாய் நிறுத்தப்பட்டிருந்தது. சஸ்தேன் என்னும் துறவி பகல் முழுவதும் அதன் அருகிருந்து கவனித்தார். மலையை அவர் ஏறவில்லை, வியப்பெதையும் காணவில்லை. பாதரசம் அசையவேயில்லை. கீழே அது அசையவில்லை என்று சொல்ல ஒருவர் இல்லாதிருந்தால், மேலே கண்ட மாற்றத்துக்கு வானிலையே காரணம் என எவரும் கூறியிருப்பார். பாடப் புத்தகங்களில் பஸ்கால் உண்டு. இவர் பெயரை நான் குருமடத்திலும் கேட்டதில்லை.

மாலையில் இறங்கி வந்தபோது நண்பர் அதே இடத்தில் இருந்தார். புத்தகம் மடியில் மூடிக்கிடந்தது.

“நீ மேலே இருக்கையில் மூன்று முறை மேகம் உச்சியை மூடியது. மூன்றாம் முறை விலக வெகுநேரமாயிற்று. வழி தெரிந்ததா?” என்றார்.

தெரிந்தது என்றேன். ஊர்தியின் கதவைத் திறந்துவிட்டார்.