கசப்பு பழகும் விதம்

கிராஃப்ட் பீரை விரும்பிக் குடிப்பவர்களிடம் அந்த விருப்பம் எப்படித் தொடங்கியது என்று கேட்டால், பெரும்பாலோர் ஒரு மனமாற்றக் கதையைச் சொல்வார்கள். அதுவரை குடித்ததெல்லாம் பீரே அல்ல என்பதை ஒரு மாலைப்பொழுதில் ஒரு கோப்பை உணர்த்திவிட்டதாக அக்கதை அமையும். 2009-இல் புனேயில் டூலாலி தொடங்கப்பட்டது. 2010-இல் பெங்களூரு இந்திரா நகரில் டாய்ட் திறக்கப்பட்டது. அதன்பின் பெருநகரங்களில் படித்து வேலைக்குச் சென்ற தலைமுறையிடம் இக்கதை ஏறத்தாழ ஒரே வடிவில் புழங்குகிறது. (தேவ்லாலி படைமுகாமில் கப்பலுக்குக் காத்திருந்து சித்தம் கலங்கிய ஆங்கிலேயச் சிப்பாய்களிடமிருந்து வந்த சொல் டூலாலி, மதுக்கூடத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.) கதை பொய்யென்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கோப்பைக்கு முன் நடந்த பயிற்சியும், மேசையில் உடன் அமர்ந்திருந்தவர்களும் கதையிலிருந்து காணாமற்போகிறார்கள்.

நாக்கின் தரப்பை முதலில் கேட்கலாம். கசப்பை உணர்வதற்கென மனித உடலில் ஏறத்தாழ 25 வகை ஏற்பிகள் உள்ளன. தாவர நஞ்சுகளில் பல கசப்பானவை என்பதால், கசப்பைக் கண்டு முகம் சுளிப்பது பிறவியிலேயே வரும் தற்காப்பு. ஹாப்ஸ் பூக்களைக் கொதிக்கவைக்கும்போது அவற்றிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கரைகின்றன. பீரின் கசப்பு பெரிதும் அதிலிருந்தே வருகிறது. ஆகவே, ஹாப்ஸ் மிகுந்த பீரை முதல் மிடறிலேயே விரும்பியதாகச் சொல்பவரின் நினைவைச் சற்று ஐயத்தோடுதான் அணுக வேண்டும். பாகற்காயும் சர்க்கரையில்லாக் காப்பியும் இவ்வகையே. மிளகாயின் காரத்தை மனிதர்கள் விரும்பக் கற்பது பற்றி ஆராய்ந்த உளவியலாளர் பால் ரோசின், உடல் அபாயம் என்று எச்சரிப்பதையும் அபாயம் இல்லை என்று அறிவு உணர்வதையும் ஒருசேர அனுபவிப்பதில் ஓர் இன்பம் உண்டு என்றார். அந்த அறிவு எங்கிருந்து வருகிறது? மிளகாயைப் பொறுத்தவரை வீட்டார் உண்பதைப் பார்த்து வருகிறது. பீரைப் பொறுத்தவரை நண்பர்கள் குடிப்பதைப் பார்த்து வருகிறது.

இதைச் சமூகவியல் வெகுகாலம் முன்பே கண்டுகொண்டது. ஹோவர்ட் பெக்கர் 1953-இல் கஞ்சா புகைப்பவர்களைப் பற்றி எழுதிய கட்டுரை, இன்பம் என்பது பொருளுக்குள் ஆயத்தமாக இருப்பதன்று என்பதைக் காட்டியது. முறையாகப் புகைக்கக் கற்க வேண்டும்; விளைவை இனங்காணக் கற்க வேண்டும்; இனங்கண்ட விளைவை இன்பமென்று கொள்ளக் கற்க வேண்டும். மூன்றையும் கற்பிப்பவர்கள் முன்னரே பழகியவர்கள். பீருக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தும். நாலைந்து சிறு குவளைகள் மரத்தட்டில் வரிசையாக வருகின்றன. எந்தக் குவளையிலிருந்து தொடங்குவது என்பதை ஒருவர் சொல்கிறார். “இதில் வாழைப்பழ வாசனை தெரிகிறதா?” என்று இன்னொருவர் கேட்கிறார். கேள்வி வந்த பிறகே வாசனை வருகிறது. இதை ஏமாற்று என்று கொள்ளலாகாது. பெயரிடப்படாத மணம் மூக்கைக் கடந்துபோய்விடும். பெயர் கிடைத்ததும் நின்றுவிடும். இசை பயில்பவர் ராகத்தை அடையாளம் காணத் தொடங்குவதும் இப்படித்தான்.

அந்த வாழைப்பழக் கேள்வியில் இந்தியச் சூழலுக்கே உரிய ஒரு நுட்பம் உண்டு. இங்குப் பலருக்கு வாயிலாக அமைவது கசப்பு மிகுந்த பீர் அன்று, கோதுமை பீர். ஜெர்மானியக் கோதுமை பீரை நொதிக்கச் செய்யும் ஈஸ்ட், கனிந்த வாழைப்பழத்தின் மணத்தைத் தரும் ஐசோஅமைல் அசிட்டேட்டையும், கிராம்பை ஒத்த மணமுடைய ஒரு ஃபீனாலையும் உண்டாக்குகிறது. பெல்ஜியத்தின் ஹூகார்டன் ஊரில் 1960-களில் பியர் செலிஸ் மீட்டெடுத்த வெண்பீரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்கின்றன. வாழைப்பழம், கிராம்பு, மல்லி: இவை இந்தியச் சமையலறையில் வளர்ந்த எந்த மூக்குக்கும் அந்நியமல்ல. கசப்பும் குறைவு. பீரின் கசப்பு அலகில் கோதுமை பீர் பொதுவாக 8 முதல் 15 வரை நிற்கும். இந்தியா பேல் ஏல் 40 முதல் 70 வரை செல்லும். புதியது என்ற பெருமிதத்தோடு ஒருவர் குடிக்கும் முதல் கோப்பை, உண்மையில் அவருக்கு மிகப் பழகிய மணங்களால் ஆனது. தாய்வீட்டின் அடுக்களை வழியாகவே அவர் பெல்ஜியத்துக்குள் நுழைகிறார்.

இந்தியா பேல் ஏல் வரும்போது நிலைமை தலைகீழாகிறது. பெயரில் இந்தியா இருக்கிறது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிய அந்த பீர் இங்கிருந்த ஆங்கிலேயர்களுக்காக வந்தது. இன்று பெங்களூரில் அப்பெயரில் ஊற்றப்படுவதில் பெரும்பகுதி, அமெரிக்க ஹாப்ஸின் எலுமிச்சை, கிச்சிலி மணங்களைக் கொண்ட அமெரிக்க மறுஆக்கம். இப்பெயரின் வழியாக ஓர் இந்திய மாணவர் தம் நாட்டின் சுவையைக் கண்டெடுத்ததாக எண்ணினால், அது வரலாற்றின் குறும்பு என்றே கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னது நாக்கும் நட்பும். பணத்தையும் சேர்த்தாக வேண்டும். சுவை என்பது வர்க்கத்தின் அடையாள அட்டை என்று பூர்தியூ 1979-இல் விரிவாக எழுதிய பின், இத்தகைய விருப்பங்களை வெறும் பாவனை என்று ஒதுக்குவது கல்விப்புலத்தில் எளிதாகிவிட்டது. அது முழு உண்மையன்று. கற்றுக்கொண்ட இன்பமும் இன்பமே; கோதுமை பீரின் கிராம்பு மணம் மேட்டிமையின் மாயத்தோற்றம் அல்ல. ஆனால், கற்கும் வாய்ப்பும், கற்றதற்கு மதிப்பும் யாருக்குக் கிடைக்கின்றன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஜார்க்கண்டின் வாரச்சந்தைகளில் ஹண்டியா விற்கும் பெண்களை எண்ணிப்பார்க்கலாம். வடித்து ஆறவைத்த சோற்றில், அரிசிமாவும் மூலிகை வேர்களும் சேர்த்து உருட்டிய ராணு என்னும் வில்லையைப் பொடித்துக் கலந்து, சில நாள் நொதிக்கவிட்டு, நீர்விட்டு வடித்து, சால் இலைத் தொன்னையில் தருகிறார்கள். சந்தால், முண்டா, ஹோ மக்களின் சடங்குகளில் அதற்கு இடமுண்டு. உள்ளூர் தானியம், சிறு அளவு, தயாரிப்பவரின் கைத்திறம் என்று கிராஃப்ட் பீருக்குச் சொல்லப்படும் இலக்கணங்கள் யாவும் அதற்குப் பொருந்தும். சங்கப் பாடல்களில் நெல்லிலிருந்து ஆக்கிய கள்ளுக்குத் தோப்பி என்று தனிப்பெயரே இருந்ததால், தமிழ் மாணவருக்கும் இது தொலைதூரச் செய்தியன்று. பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்தில் காற்றிலுள்ள ஈஸ்டால் நொதிக்கும் லாம்பிக் பீரின் புளிப்பைப் பாராட்டப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும் என்று பணிவோடு சொல்லப்படுகிறது. ஹண்டியாவின் புளிப்புக்கு அத்தகைய பணிவு காட்டப்படுவதில்லை. இதை விற்கும் பெண்களை வேறு தொழிலுக்கு மாற்ற, ஜார்க்கண்ட் அரசு 2020-இல் ஃபூலோ ஜானோ பெயரில் ஒரு திட்டத்தையே தொடங்கி வட்டியில்லாக் கடன் தருகிறது. அத்திட்டத்தைப் பழிப்பதற்கில்லை, சந்தையில் தொன்னை ஏந்தி நிற்கும் பெண்களில் பலர் வறுமையால் அங்கு வந்தவர்கள், குடி சீரழித்த வீடுகளும் உண்டு. ஆயினும் ஒரே நொதித்தல் ஓரிடத்தில் கலையென்றும் மற்றோரிடத்தில் மறுவாழ்வு வேண்டிய துயரமென்றும் பெயர் பெறும்போது, வேறுபாடு குவளைக்குள் இல்லை என்பது தெளிவு.

இப்பாகுபாடு பல்கலைக்கழகத்துக்குள்ளும் ஓசையின்றி நுழைகிறது. பெருநகரங்களில் கருத்தரங்கு முடிந்த மாலைகளில் பேராசிரியர்களும் ஆய்வாளர்களும் மைக்ரோபிரூவரிகளில் கூடுவது வழக்கமாகி வருகிறது. எந்த இதழுக்குக் கட்டுரை அனுப்புவது, யார் மேற்பார்வையில் சேர்வது, எங்கே முதுமுனைவர் ஆய்வுக்கு இடம் இருக்கிறது என்பன அங்குதான் பேசப்படுகின்றன. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். நெட் தேர்ச்சி இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பயில்பவருக்குப் பல ஆண்டுகளாக 8,000 ரூபாய். ஒரு கோப்பைக்குச் சில நூறு ரூபாய் ஆகும் மேசையில் இவ்விருவரும் ஒரே நிதானத்தோடு அமர முடியாது. மதத்தாலோ குடும்ப அனுபவத்தாலோ குடிக்காதவர், விடுதிக்குக் குறித்த நேரத்துக்குள் திரும்ப வேண்டிய மாணவி, தகப்பனின் குடியால் பள்ளிக்கட்டணம் கட்ட முடியாமற்போன முதல் தலைமுறைப் பட்டதாரி ஆகியோர் அம்மேசைக்கு வருவதே இல்லை. வந்தாலும் சோடாவை வைத்துக்கொண்டு ஹாப்ஸ் வகைகளைப் பற்றிய உரையாடலுக்குத் தலையசைக்கிறார்கள். குடிக்கக் கற்றவர்களை இதற்குக் குறைசொல்ல வேண்டியதில்லை. அவர்கள் மாலையில் எங்கு வேண்டுமானாலும் கூடலாம். மேற்பார்வையாளர், இதழ், பணியிடம் பற்றிய பேச்சை மட்டும் ஐந்து மணித் தேநீருக்கு, கருத்தரங்கக் கூடத்தின் தாழ்வாரத்துக்கு, துறைகள் திரும்பக் கொண்டுவர வேண்டும்.